புராஸ்பெரிட்டி 2: விலையைக் கணித்தவர்களும் விதியைப் படித்தவர்களும்

நெதர்லாந்தின் டிரேடிங் நிறுவனமான ஐஎம்சி பல்கலைக்கழக மாணவர்களுக்காக 2023 முதல் நடத்திவரும் அல்காரிதம் டிரேடிங் (நிரல் எழுதி வாங்கி விற்கும்) போட்டிக்கு ‘புராஸ்பெரிட்டி’ என்று பெயர். இரண்டாவது போட்டி 2024 ஏப்ரலில் நடந்தது. அதன் விதிப்படி ஓர் அணியில் ஐந்து பேர் வரை சேரலாம். மொத்தம் பதினைந்து நாள், ஐந்து சுற்று. கற்பனைத் தீவுக்கூட்டம் ஒன்றில் ‘சீஷெல்’ என்ற பணத்தில் வியாபாரம் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பைத்தானில் எழுதிய ஒரே ஒரு கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். அதோடு கோடிங் இல்லாமல் கையால் விடை கொடுக்கும் புதிர் ஒன்றும் உண்டு.

பங்கேற்பவர்களில் பலர் முதல் நாளே இயந்திரக் கற்றல் மாடலைத் தேடி ஓடுகிறார்கள். தரவரிசைப் பட்டியலின் மேலே வந்த அணிகள் பின்னர் வெளியிட்ட கோடைப் படித்தால் அங்கே இருப்பவை கூட்டல், கழித்தல், ஒரு சராசரி, ஒரு திட்ட விலக்கம், ஓர் ஆப்ஷன் சூத்திரம். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் (வாங்குவோரையும் விற்போரையும் பொருத்தும் சந்தை) எப்படி இயங்குகிறது, எந்த அளவு வரை வாங்கலாம், எந்தக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

எக்ஸ்சேஞ்ச் இயங்கும் விதம்

ஒரு வியாபார நாள் 10,000 படிகள் கொண்டது. நேரமுத்திரை 0-இல் தொடங்கி 100, 100-ஆக ஏறி 999,900-இல் முடியும். ஒவ்வொரு படியிலும் உங்கள் நிரல் ஒருமுறை அழைக்கப்படும். அப்போதைய ஆர்டர் புக் (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்), உங்கள் கையிருப்பு, முந்தைய படியில் நடந்த வியாபாரங்கள் எல்லாம் அதன் கைக்கு வரும். 900 மில்லி விநாடிக்குள் அது ஆர்டர்களைத் திருப்பித் தர வேண்டும். ஏற்கெனவே நிற்கும் விலையோடு பொருந்துவது உடனே முடிந்துவிடும். மிச்சம் புக்கில் நிற்கும். பிறகு போட்டியின் பாட்கள் (அமைப்பாளர்களின் தானியங்கி வியாபாரிகள்) வந்து விருப்பமிருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். படி முடிந்ததும் விற்காத, வாங்காத எல்லா ஆர்டரும் தானாக ரத்தாகும். பழைய ஆர்டரைத் தேடிப்பிடித்து ரத்து செய்யும் தலைவலி கிடையாது. மற்ற அணிகளும் உங்களோடு மோதுவதில்லை. ஒவ்வோர் அணிக்கும் தனிச் சந்தை, எதிரில் பாட்கள் மட்டும்.

இங்கே புதியவர்களைக் கவிழ்க்கும் குழிகள் நான்கு. முதல் குழி குறியீடு. ஆர்டர் புக்கில் விற்பவர்களின் அளவு எதிர்ம எண்ணாக வரும், நீங்கள் விற்கும் ஆர்டரும் எதிர்ம எண்ணாகவே போக வேண்டும். இதில் ஒரு கழித்தல் குறி தவறினால் விற்க வேண்டிய இடத்தில் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். நிரல் ஒரு பிழையும் காட்டாது.

இரண்டாவது, பொசிஷன் வரம்பு, அதாவது ஒரு பொருளில் அதிகபட்சம் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது. முதல் சுற்றின் பொருள்களான அமெதிஸ்டுக்கும் ஸ்டார்ஃப்ரூட்டுக்கும் வரம்பு தலா 20. கையில் 15 இருக்கும்போது 3 எண்ணிக்கைக்கு ஒன்றும் 4 எண்ணிக்கைக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கும் ஆர்டர் போட்டால், இரண்டும் முழுதாக நிறைவேறினால் 22 ஆகும். வரம்புக்கு மேலே போகும் அந்த 2 மட்டும் வெட்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஆர்டர்கள் மொத்தமாகத் தள்ளுபடியாகும். ஒவ்வோர் ஆர்டரும் தனித்தனியாக வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்த நிரல்கள் சத்தமில்லாமல் பாதி நாள் சும்மா நின்றது இதனால்தான். வாங்கும் பக்கத்துக்கு ஒரு மீதிக் கணக்கு, விற்கும் பக்கத்துக்கு ஒரு மீதிக் கணக்கு என்று தனித்தனியாக வைத்து, ஒவ்வோர் ஆர்டர் போட்டதும் குறைத்துக்கொண்டே வருவதுதான் சரியான வழி.

மூன்றாவது, நினைவு. நிரல் அமேசானின் லாம்ப்டா என்ற கிளவுட் சேவையில் ஓடுகிறது. வகுப்பு மாறியில் வைத்த எண் அடுத்த படியிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் கணினியில் சோதிக்கும்போது இருக்கும், அங்கே போனதும் காணாமல் போகும். ஒரு படியிலிருந்து அடுத்ததுக்குக் கொண்டுபோக வேண்டியதை எழுத்துச் சரமாக மாற்றித் திருப்பித் தர வேண்டும். அது அடுத்த அழைப்பில் மீண்டும் கைக்கு வரும். அந்தச் சரத்துக்கும் நீள வரம்பு உண்டு என்பதால் முழு விலை வரலாற்றையும் அதில் திணிக்காமல், கடைசிச் சில பத்து மதிப்புகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது மிகச் சாதாரணமானது: ஏதாவது ஒரு படியில் ஆர்டர் புக்கின் ஒரு பக்கம் காலியாக இருக்கும். காலிப் பட்டியலில் அதிகபட்ச விலையைத் தேடினால் பிழை. அந்தப் படியில் எல்லாப் பொருளின் ஆர்டரும் போய்விடும். பொருளுக்கு ஒரு பிழைப்பிடிப்பு போட்டு வைத்தால் ஒரு பொருள் விழுந்தாலும் மற்றவை ஓடும்.

அமெதிஸ்ட், ஸ்டார்ஃப்ரூட்

அமெதிஸ்டின் நியாய விலை 10,000. கடைசி வரை மாறவில்லை. அதற்குக் கீழே யாராவது விற்றால் வாங்கு, மேலே வாங்கினால் விற்றுவிடு. அது முடிந்ததும், நிற்கும் சிறந்த பிட்டுக்கு (வாங்குபவர் சொல்லும் விலை) ஒரு சீஷெல் மேலே நம் பிட், சிறந்த ஆஸ்க்குக்கு (விற்பவர் கேட்கும் விலை) ஒன்று கீழே நம் ஆஸ்க். இதுவரை எல்லா அணியும் வந்துவிடும்.

வேறுபாடு வரும் இடம் 20 என்ற வரம்பு. கையில் +20 சேர்ந்துவிட்டால் 9,998-க்கு ஒருவர் விற்க வந்தாலும் வாங்க முடியாது. ஆகவே கையிருப்பு ஒரு பக்கமாகச் சாயும்போது லாபமே இல்லாமல் சரியாக 10,000-க்கு விற்றுக் கை காலியாக்குவது புத்திசாலித்தனம். அந்த வியாபாரத்தின் லாபம் பூஜ்யம். அது திறந்துவிடும் இடத்தின் மதிப்பு பூஜ்யமல்ல. அமெதிஸ்டில் முன்னணி அணிகளுக்கும் நடுத்தர அணிகளுக்கும் இருந்த இடைவெளியில் இந்த ஒரு வரிக்கும் பங்கு உண்டு.

ஸ்டார்ஃப்ரூட் விலை நகரும். சிறந்த பிட்டையும் ஆஸ்க்கையும் கூட்டி இரண்டால் வகுத்த நடுவிலையை நியாய விலையாக எடுத்தால் சத்தம் (அர்த்தமற்ற ஏற்ற இறக்கம்) அதிகம். காரணம், ஒன்று முதல் சில எண்ணிக்கை வரையான சிறு ஆர்டர்கள் ஸ்ப்ரெட்டுக்குள் (பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி) புகுந்து நடுவிலையை இழுத்துவிடும். புக்கை வரைந்து பார்த்தால் எப்போதும் பெரிய அளவோடு நிற்கும் ஒரு மார்க்கெட் மேக்கர் (இரு பக்கமும் விலை சொல்லும்) பாட் தெரியும். 15-க்குக் குறைந்த அளவுள்ள விலைகளை வடிகட்டிவிட்டு அந்த பாட்டின் இரு பக்க விலைகளுக்கு நடுவை எடுத்தால் கோடு வழுவழுப்பாகும். போட்டித் தளம் உங்கள் கையிருப்புக்கு மதிப்புப் போடுவதும் இதே நடுவிலையில்தான் என்பதை, ஒரே ஒரு ஸ்டார்ஃப்ரூட்டை வாங்கி வைத்துக்கொண்டு லாபக் கோட்டைப் பார்த்து ஓர் அணி கண்டுபிடித்தது. இது பின்பற்றத்தக்க முறை: சந்தேகம் வந்தால் ஒரு யூனிட் வாங்கி வைத்துப் பார்.

கடைசிச் சில விலைகளை வைத்து லீனியர் ரிக்ரெஷன் (நேர்கோட்டுக் கணிப்பு) போட்டவர்கள் உண்டு. விலை ஒரு படியில் நகர்ந்தால் அடுத்த படியில் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரும் என்ற சின்ன உண்மையைத்தான் அதுவும் கண்டுபிடித்தது. வடிகட்டிய நடுவிலையோடு அதைச் சேர்த்தால் போதும்.

ஆர்க்கிட்: கொடுத்த தகவலில் எது வேண்டாதது

இரண்டாம் சுற்றில்தான் பட்டியல் தலைகீழானது. ஆர்க்கிட் பூவுக்கு உள்ளூர்ச் சந்தை ஒன்று, தெற்குத் தீவில் ஒன்று. தெற்கிலிருந்து வாங்கினால் அங்குள்ள ஆஸ்க் விலை, போக்குவரத்துக் கட்டணம், இறக்குமதி வரி மூன்றும் சேரும். தெற்கில் விற்றால் பிட் விலையிலிருந்து போக்குவரத்தும் ஏற்றுமதி வரியும் கழியும். பூவைக் கையில் வைத்திருந்தால் ஒரு பூவுக்கு ஒரு படிக்கு 0.1 சீஷெல் கிடங்குச் செலவு. வரம்பு 100.

இவற்றோடு வெயில், ஈரப்பதம் பற்றிய தரவும் வந்தது. ஒரு நாளைக்கு 7 மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் பட்டால் ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் விளைச்சல் 4% குறையும். ஈரப்பதம் 60 முதல் 80% வரைக்கு வெளியே போனால் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் 2% குறையும். இப்படித் துல்லியமான எண்ணோடு கொடுத்தால் யாருக்குத்தான் மாடல் போடத் தோன்றாது! அணிகள் பல தங்கள் நேரத்தை இதிலேயே செலவழித்தன. விலையோடு உருப்படியான தொடர்பு கிடைக்கவில்லை.

பணம் இறக்குமதி வரியில் இருந்தது. அந்த வரி எதிர்ம எண். அதாவது தெற்கிலிருந்து வாங்கினால் காசு திரும்பக் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: தெற்கில் ஆஸ்க் 1,101.5, போக்குவரத்து 1, வரி −4.5. அடக்கவிலை 1,098. உள்ளூரில் 1,100-க்கு விற்க முடிந்தால் பூவுக்கு 2 சீஷெல், விலை எங்கே போனாலும் கவலையில்லை.

வரிசை முக்கியம். கையில் பொசிஷன் இல்லாமல் கன்வெர்ஷன் (தெற்குத் தீவோடு வாங்கல், விற்றல்) கேட்க முடியாது. ஆகவே முதலில் உள்ளூரில் ஷார்ட் (கையில் இல்லாததை முன்கூட்டியே) விற்க வேண்டும். அடுத்த படியில் ஷார்ட்டான அளவு முழுவதையும் கன்வெர்ஷன் மூலம் தெற்கிலிருந்து வாங்கி அடைக்க வேண்டும். கிடங்குச் செலவு கையிருப்புக்குத்தான், ஷார்ட்டுக்கு இல்லை என்பதால் இந்தப் பக்கம் வியாபாரம் செய்ய அதுவும் உதவியது. கன்வெர்ஷனைக் கேட்டுவிட்டு, அது முடிந்ததா என்று பார்க்காமல் மீண்டும் 100 விற்றால் வரம்பு மீறி ஆர்டர் தள்ளுபடியாகும்.

அடுத்த கேள்வி: உள்ளூரில் யார் வாங்குகிறார்கள்? கொடுக்கப்பட்ட பழைய தரவில் உள்ளூர் பிட் எல்லாம் அடக்கவிலைக்குக் கீழே இருந்தன. அதை மட்டும் பார்த்தவர்கள் ‘ஆர்பிட்ராஜ் (விலை வித்தியாசத்தில் அபாயமில்லாத லாபம்) இல்லை’ என்று முடிவு கட்டினார்கள். ஆனால் நல்ல விலையில் விற்பனை ஆர்டர் ஒன்று புக்கில் நின்றால் மட்டும் வந்து எடுத்துப்போகும் ஒரு பாட் இருந்தது. யாரும் அந்த விலையில் ஆஸ்க் வைக்காத பழைய தரவில் அது எங்கே தெரியும்? தளத்தில் 1,000 படிகள் கொண்ட சோதனை ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆஸ்க்கை வெவ்வேறு இடத்தில் வைத்துப் பார்த்த அணிகளுக்கே அது சிக்கியது.

பழைய தரவில் நிரலை ஓட்டிப் பார்க்கும் பின்சோதனைக் கருவிகளின் எல்லையும் இங்கே புலப்படும். பங்கேற்பாளர்கள் எழுதி இலவசமாகப் பகிர்ந்த கருவிகள் மூன்று நாள் தரவையும் சில விநாடியில் ஓட்டிவிடும். நிற்கும் ஆர்டரை நீங்கள் போய் எடுக்கும் வியாபாரத்துக்கு அவை நம்பகமானவை. நீங்கள் நிறுத்திவைக்கும் ஆர்டரை யார் எடுப்பார் என்பதில் அவை சொல்வது ஊகம்தான்.

கிஃப்ட் பாஸ்கெட்: 60-ஆ, 58-ஆ?

மூன்றாம் சுற்றின் பாஸ்கெட்டில் 4 சாக்லேட், 6 ஸ்ட்ராபெர்ரி, 1 ரோஜா. நான்கும் தனித்தனியாகவும் வியாபாரமாகும். பாஸ்கெட்டைப் பிரிக்கவோ சேர்க்கவோ முடியாது, ஆகவே இது உறுதியான ஆர்பிட்ராஜ் அல்ல. பாஸ்கெட் விலைக்கும் உட்பொருள்களின் கூட்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 380 சீஷெலைச் சுற்றி வந்தது. திட்ட விலக்கம் சுமார் 76.

வரம்புகள்: சாக்லேட் 250, ஸ்ட்ராபெர்ரி 350, ரோஜா 60, பாஸ்கெட் 60. அறுபது பாஸ்கெட்டை ஷார்ட் செய்து முழுதாக ஹெட்ஜ் செய்ய (விலை அபாயத்தை எதிர்ப்பக்க வியாபாரத்தால் ஈடுகட்ட) 240 சாக்லேட், 60 ரோஜா, 360 ஸ்ட்ராபெர்ரி வேண்டும். ஸ்ட்ராபெர்ரியில் 10 இடிக்கிறது. 350-ஐ ஆறால் வகுத்தால் 58. அந்த இரண்டு பாஸ்கெட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் நிரலில் 60 என்று இலக்கு வைத்தால் ஸ்ட்ராபெர்ரி ஆர்டர் வரம்பு மீறி மொத்தமாகத் தள்ளுபடியாகும், ஹெட்ஜின் ஒரு கால் முழுதாக உடையும். இலக்கை 58 என்று எழுதியவர்கள் இந்த வகுத்தலைச் செய்தவர்கள்.

எப்போது உள்ளே போவது? சராசரியையும் விலக்கத்தையும் நகரும் சாளரத்தில் கணக்கிடுவது பாடப்புத்தக முறை. சராசரி நகர்ந்தால் அது விலகலையே துரத்திக்கொண்டு போய் ‘எல்லாம் இயல்பு’ என்று சொல்லிவிடும். சராசரியை 380 என்று நிலையாக வைத்துவிட்டு, விலக்கத்தை மட்டும் 45 படி போன்ற சிறு சாளரத்தில் எடுத்தது மேலான வழி. வித்தியாசம் 380-இலிருந்து தள்ளிப் போய், அங்கே ஆட்டம் அடங்கி நிற்கும்போது சிறு சாளர விலக்கம் சுருங்கும். தள்ளிப் போன தூரத்தை அந்த விலக்கத்தால் பகுத்து வரும் எண் திடீரென்று எகிறும். ஓடிக்கொண்டிருக்கும் விலையின் முன்னே போய் நிற்காமல், ஓட்டம் ஓய்ந்த இடத்தில் எதிர்ப்பக்கம் எடுக்க இது உதவும். வாசல் மதிப்பு வழக்கமான 2 அல்ல, 7 அளவில் இருக்கும். 2-ஐயும் 7-ஐயும் குழப்பினால் ஸ்ப்ரெட் கொடுத்தே பணம் தீரும்.

ஹெட்ஜ் அவசியமா என்பதில் அணிகளிடையே இரு கட்சி. உட்பொருள்களையும் வாங்கும்போது பாஸ்கெட்டோடு சேர்த்து நான்கு முறை ஸ்ப்ரெட் கொடுக்கிறோம் என்பது ஒரு வாதம். மதிப்பெண் ஒரே ஒரு நாளின் லாபம் என்பதால், அந்த நாள் ரோஜா விலை உங்களுக்கு எதிராக ஓடினால் திரும்பி வர இரண்டாவது நாள் கிடையாது என்பது மறுவாதம். பட்டியலின் நடுவில் இருப்பவர் ஹெட்ஜ் இல்லாமல் துணியலாம். மேலே இருப்பவர் அப்படிச் செய்வது வீண்.

தேங்காய்க் கூப்பன்

நான்காம் சுற்றில் தேங்காயும் அதன்மேல் கால் ஆப்ஷனான (குறித்த விலையில் பின்னர் வாங்கும் உரிமை) கூப்பனும். தேங்காய் விலை 10,000, ஸ்டிரைக் (அந்தக் குறித்த) விலையும் 10,000, காலாவதிக்கு 250 நாள், கூப்பனின் தொடக்க விலை 637.63. இந்த நான்கு எண்ணிலிருந்து மற்றதெல்லாம் வரும். ஆண்டுக்கு 250 வியாபார நாள், வட்டி பூஜ்யம் என்று வைத்து பிளாக்-ஷோல்ஸ் என்ற ஆப்ஷன் சூத்திரத்தில் பின்னோக்கிப் போனால் உட்பொதிந்த வாலட்டிலிட்டி (கூப்பன் விலை காட்டும் ஆண்டு ஏற்ற இறக்க அளவு) 16%. நாள் முழுக்க அது அந்த எண்ணைச் சுற்றி ஏறி இறங்கியது. தாழ்ந்தால் கூப்பனை வாங்கு, ஏறினால் விற்றுவிடு, தேங்காயில் டெல்டாவை (தேங்காய் ஒரு சீஷெல் நகர்ந்தால் கூப்பன் நகரும் அளவு) ஈடுகட்டு. காலாவதிக்கு 365 நாள் ஆண்டை வைத்துக் கணக்கிட்டவர்களுக்கு 16 என்ற முழு எண் வரவில்லை. எண் உருண்டையாக வராதபோது அனுமானத்தைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம். இந்தப் புதிர்களை அமைப்பவர்களும் மனிதர்கள்தான்.

ஒரு கூப்பனின் டெல்டா சுமார் 0.53. வாலட்டிலிட்டி ஒரு புள்ளி நகர்ந்தால் கூப்பன் விலை சுமார் 40 சீஷெல் நகரும். கூப்பன் வரம்பு 600, தேங்காய் வரம்பு 300. அறுநூறு கூப்பனின் டெல்டா 319. ஆக 19 தேங்காய் அளவுக்கு ஹெட்ஜ் பற்றாது. பாஸ்கெட்டில் போல இங்கேயும் இலக்கைக் குறைக்க வேண்டுமா? 16% வாலட்டிலிட்டி என்றால் ஒரு நாள் நகர்வு சுமார் 1%, அதாவது 100 சீஷெல். பத்தொன்பது தேங்காய்க்கு 1,900 சீஷெல் அபாயம். 600 கூப்பன்மீது அரைப் புள்ளி வாலட்டிலிட்டியே 12,000 சீஷெல் என்பதால் இங்கே குறைக்க வேண்டியதில்லை. தேங்காய் ஆர்டரை 300-இல் நிறுத்தும்படி மட்டும் நிரலை எழுதினால் போதும். ஹெட்ஜே இல்லாமல் 600 கூப்பனை வைத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் அபாயம் 32,000 சீஷெல் அளவு. அந்தச் சுற்றில் சில அணிகள் எகிறியதும் சில அணிகள் கவிழ்ந்ததும் திறமையால் அல்ல, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற அதிர்ஷ்டத்தால்.

கைக்கணக்குப் புதிர் ஒன்று

முதல் சுற்றின் புதிர்: மீன்கள் ஒவ்வொன்றும் 900 முதல் 1,000 வரை ஒரு குறைந்தபட்ச விலையை மனதில் வைத்திருக்கும். 900-இல் யாருமில்லை, 1,000-ஐ நோக்கி எண்ணிக்கை நேர்கோட்டில் ஏறுகிறது. நீங்கள் இரண்டு விலை சொல்லலாம். முதல் விலை போதாத மீனுக்கு இரண்டாம் விலை பொருந்தும். வாங்கியதை 1,000-க்கு விற்கலாம்.

900–1,000-ஐ 0–1 என்று சுருக்கினால், விலை x-க்கு இணங்கும் பங்கு x². முதல் விலை a, இரண்டாவது b எனில் லாபம் a²(1−a) + (b²−a²)(1−b). வகைக்கெழு எடுத்துப் பூஜ்யமாக்கினால் a = 2b/3, b = 18/23. அதாவது 952, 978. சிமுலேஷன் எழுதியும் இதே விடைக்கு வரலாம். ஒருவர் தாளிலும் இன்னொருவர் சிமுலேஷனிலும் செய்து ஒப்பிடும் அணிக்கு முழு எண்ணாக்கும்போது வரும் தவறுகூட மிஞ்சாது.

ஐந்தாம் சுற்றும் பழைய ஆண்டுத் தரவும்

கடைசிச் சுற்றில் புதுப் பொருள் இல்லை. வியாபாரங்களில் வாங்கிய பாட், விற்ற பாட்டின் பெயர் தெரியும். 2023 போட்டியில் ‘ஒலிவியா’ என்ற பாட் சில பொருள்களை அன்றைய அடிமட்டத்தில் வாங்கி உச்சத்தில் விற்றது. அவள் பின்னால் போனவர்கள் சம்பாதித்தார்கள். 2024-இலும் வாங்குபவர், விற்பவர், பொருள் மூன்றையும் இணையாக்கி, ஒவ்வோர் இணைக்கும் அடுத்த சில பத்துப் படிகளில் விலை சராசரியாக எங்கே போனது என்று அட்டவணை போடுவதே வேலை. இணைகள் அதிகம், நாள்கள் மூன்றுதான். நூறு இணையைச் சோதித்தால் தற்செயலாகவே நாலைந்து பிரமாதமாகத் தெரியும். மூன்று நாளிலும் தனித்தனியாக நிற்காத எதையும் கோடில் சேர்க்கக் கூடாது.

இந்தப் போட்டியில் அதிகம் பேசப்பட்டது வேறு. 2023-இன் டைவிங் கியர் விலை நகர்வை ஏறத்தாழ மூன்றால் பெருக்கினால் 2024-இன் ரோஜா நகர்வு வருகிறது, பழைய தேங்காயை 1.25-ஆல் பெருக்கினால் புதிய தேங்காய் வருகிறது என்று சில அணிகள் கண்டுகொண்டன. நாளைய விலையே கையில் இருக்கும்போது எஞ்சியது ஸ்ப்ரெட்டையும் வரம்பையும் கணக்கில் வைத்து எப்போது வாங்கி எப்போது விற்பது என்ற டைனமிக் புரோகிராமிங் (படிப்படியாகச் சிறந்த முடிவைத் தேடும்) கணக்குதான். பொதுவெளியில் கிடந்த தரவை ஒப்பிட்டுப் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தரவைப் பெருக்கி மறுபயன்பாடு செய்தது அமைப்பாளர்களின் அலட்சியம். ஆனால் அதன்பின் வந்த தரவரிசையை வைத்து யார் சிறந்த டிரேடர் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

2025-இன் மூன்றாம் போட்டியில் பொருள்கள் பெயர் மாறின. அமெதிஸ்டின் இடத்தில் ரெயின்ஃபாரஸ்ட் ரெசின், அதே 10,000, வரம்பு 50. பாஸ்கெட் இரண்டானது: முதலாவதில் 6 குரொய்சன், 3 ஜாம், 1 ஜெம்பே; இரண்டாவதில் 4 குரொய்சன், 2 ஜாம். குரொய்சன் வரம்பு 250, முதல் பாஸ்கெட்டின் வரம்பு 60. வகுத்துப் பார்த்தால் முழு ஹெட்ஜோடு 41 பாஸ்கெட்தான் எடுக்க முடியும். இரு பாஸ்கெட்டையும் ஒரே பக்கமாக எடுத்தால் அவை அதே 250 குரொய்சனுக்கு அடித்துக்கொள்ளும்.